ஒன்றுக்கும் உதவாத ஊழியனின் ராஜினாமா

உட்காருங்க சார். ஜன்னலோரம் வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க. அட, கூச்சப்படாதீங்க. என்னைப் பெரிய மனசுக்காரன்னு நினைச்சுடவும் வேண்டாம், மணப்பாறை வரைக்கும் வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பரா இருந்தவன் நான். எந்த வண்டியில எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வெயில் வரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

கண்டக்டர் வணக்கம் வச்சுட்டுப் போறாரே, பார்த்தீங்களா? நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. முகத்தை மறந்துட்டாங்க. வாயைத் திறந்து ஒரு டிக்கெட் கேட்டா குரலை வச்சுக் கண்டுபிடிச்சிடறாங்க. ‘பயணிகள் கவனத்திற்கு’ன்னு மைக்ல சொன்ன குரல் இல்லையா? இந்தக் குரல்தான் சார் என்னைக் கெடுத்துச்சு.

நீங்க எதுக்குத் திருச்சி? கல்யாணமா? நல்லது, நல்லது. நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன். உங்க நெத்தியில விபூதியைப் பார்த்தேன், அதனாலதான் தைரியமா உங்ககிட்டச் சொல்றேன். எங்க கிறிஸ்தவ ஆளுங்கன்னா ஒரு வார்த்தை விட மாட்டேன். செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்ட வாய்விட்டுச் சொல்லி மன்னிப்பு வாங்குறது, அவ்வளவுதான். எங்க ஊர்லயே கோவில் இருக்கு, சாமியார் இருக்காரு, நடுவுல வலை போட்ட பலகையும் இருக்கு. அவருக்கு நம்ம முகம் தெரியாது. ஆனா என் விஷயத்துல முகம் எதுக்கு சார்? ‘சாமி, நான் பாவி’ன்னு ஆரம்பிச்ச உடனேயே, ‘என்ன டைம் கீப்பர் ஐயா, சௌக்கியமா?’ம்பாரு. திருச்சியில ஒரு பெரிய கோவில் இருக்கு. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் யாராவது ஒரு சாமியார் உட்கார்ந்திருப்பாரு. நம்மளத் தெரியாது. வயசானவரா, காது கொஞ்சம் மந்தமா இருந்தா இன்னும் விசேஷம்.

என்ன பாவம்னு கேக்கத் தோணுதுல்ல? கேளுங்க, தப்பில்லை. கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு புத்தகத்துல இருந்த ரிப்பனைப் பத்துப் பக்கம் தள்ளி வச்சேன். பார்த்தீங்களா, நீங்களே சிரிக்கிறீங்க. எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு.

முதல்ல இருந்து சொல்றேன். எங்க கோவில்ல ஞாயித்துக்கிழமைப் பூசையில பைபிள்ல இருந்து மூணு பகுதி வாசிப்பாங்க. கடைசிப் பகுதி சாமியாருக்கு. அதுக்கு முந்தின ரெண்டும் நம்மள மாதிரி ஆளுங்க ஏறி நின்னு வாசிக்கணும். அந்த முதல் வாசகம் இருபத்திரண்டு வருஷம் என்னுது. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே வாசிப்பேன். ஒரு திருநாள் வாசகத்துல, எருசலேமுக்கு எந்தெந்த நாட்டுக்காரங்க வந்திருந்தாங்கன்னு நீளமா ஒரு பட்டியல் வரும். பார்த்தியர், மேதியர், எலாமியர்னு மத்தவங்க நாக்கு சிக்கிச் சாவாங்க. நான் நிறுத்தி நிதானமா, ஒவ்வொரு ஊருக்கும் உரிய மரியாதை கொடுத்து வாசிப்பேன். ஒரு தடவை வாசிச்சு முடிச்சதும் எங்க ஊரு மளிகைக்கடைக்காரர் வெளியில நின்னுக்கிட்டு, ‘எல்லாம் சரி டைம் கீப்பரே, எந்தப் பிளாட்பாரம்னு சொல்லலையே?’ன்னாரு. ஊரே சிரிச்சுச்சு. பொறாமைன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப ராஜினாமா விஷயத்துக்கு வாரேன். பைபிள்ல ஏசு ஒரு கதை சொல்லுவாரு. வயல்ல உழுதுட்டுக் களைச்சு வர்ற வேலைக்காரனை எந்த எஜமானாவது ‘வாப்பா, உட்காரு, முதல்ல சாப்பிடு’ன்னு சொல்லுவானா? மாட்டான். ‘எனக்கு முதல்ல சோறு போடு, நீ பொறவு சாப்பிடு’ன்னுதான் சொல்லுவான். நன்றி கூடச் சொல்ல மாட்டான். அந்த மாதிரி நீங்களும் சொன்ன வேலையெல்லாம் செஞ்சு முடிச்சதும், ‘நாங்க ஒண்ணுக்கும் உதவாத வேலைக்காரங்க, செய்ய வேண்டியதைத்தான் செஞ்சோம்’னு சொல்லுங்கன்னு முடிப்பாரு. இதை நான் ரொம்ப மனசுல எடுத்துக்கிட்டேன் சார். வருஷா வருஷம் ஜூன் மாசம் பங்குப் பேரவை, அதான் கோவில் நிர்வாகக் கூட்டம் நடக்கும். அப்ப ஒரு கடிதம் கொடுப்பேன். ‘ஒன்றுக்கும் உதவாத ஊழியனாகிய நான், தகுதியுள்ள வேறொருவருக்கு வழிவிட்டு, வாசகர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.’ நல்லா இருக்குல்ல? ஒரு தடவை எழுதி ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன். வருஷத்தை மட்டும் மாத்திக்குவேன்.

அப்ப இருந்தவர் பாக்கியநாதர் சாமி. தங்கமான மனுஷன், என்ன செய்யணும்னு தெரிஞ்சவரு. கடிதத்தை வாசிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டுவாரு. ‘சந்தியாகு, நீர் போயிட்டா அப்புறம் யாருய்யா வாசிக்கிறது?’ம்பாரு. உடனே சுத்தி இருக்கிறவங்க, ‘அதெல்லாம் முடியாது, ஐயாதான் தொடரணும்’ம்பாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ‘உங்க எல்லார் விருப்பமும் அதுதான்னா...’ன்னு இழுப்பேன். டீ வரும், பிஸ்கட் வரும். பதினாலு வருஷம் இப்படியே போச்சு. எங்க வீட்டுக்காரி எமல்டாதான் சொல்லுவா, ‘ஒரு நாளைக்கு எவனாவது சரின்னு சொல்லப்போறான், அன்னிக்கு இருக்கு உங்களுக்கு’ன்னு. அவளுக்கு ஆன்மிகம் கம்மி.

போன மே மாசம் பாக்கியநாதர் சாமியை மாத்திட்டாங்க. புதுசா கிளமெண்ட் சாமி வந்தாரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவர்கிட்ட ஒரு குணம் சார், நாம சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்குவாரு. ‘சாப்பிட்டீங்களா சாமி?’ன்னு பேச்சுக்குக் கேட்டா, ‘இல்ல, என்ன வச்சிருக்கீங்க?’ம்பாரு. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

ஜூன் கூட்டத்துல கடிதத்தைக் கொடுத்தேன். வாசிச்சாரு. திரும்ப ஒரு தடவை வாசிச்சாரு. கண்ணாடி போடாத ஆளு, கழட்டுறதுக்கு வழியில்லை. அவர் கண்ணு கலங்கிடுச்சு. எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. ‘ஐயா, பதவியை விட்டுக் கொடுக்கிற ஒரு மனுஷனை நான் இப்பதான் நேர்ல பார்க்கிறேன். உங்க விருப்பப்படியே ஆகட்டும்’னாரு. எல்லாரும் கை தட்டினாங்க சார். நானும் தட்டினேன். வேற என்ன செய்யறது? ‘ஐயாதான் தொடரணும்’னு வழக்கமாச் சொல்ற ஆளை ஒரு பார்வை பார்த்தேன். அவன் எல்லாரையும் விட பலமாத் தட்டிக்கிட்டு இருந்தான்.

நான் பல தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். அந்தக் கதையில வேலைக்காரன் ‘நான் ஒண்ணுக்கும் உதவாதவன்’னு சொன்னதும், எஜமான் ‘அப்படியா? சரி, கிளம்பு’ன்னு சொன்னதா எழுதியிருக்கா? இல்லையே!

அதோட விட்டாரா? அடுத்த ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம் பூரா நான்தான். தாழ்ச்சி, அதான் பணிவு, அது என்னன்னு தெரியணும்னா சந்தியாகு ஐயாவைப் பாருங்கன்னாரு. சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. பூசை முடிஞ்சு வந்தா ஆளாளுக்குக் கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. இனிமே எப்படி சார் திருப்பிக் கேக்குறது? ‘அந்தத் தாழ்ச்சியெல்லாம் சும்மா, என் மைக்கைக் கொடுங்க’ன்னு கேக்க முடியுமா? வீட்டுக்கு வந்தா எமல்டா வாசல்லயே நிக்கிறா. டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வச்சா.

சரி, அடுத்த ஆள் யாருன்னு பார்த்தா, அங்கதான் எனக்குத் தாங்கலை. அந்தக் கூட்டத்துல நான் எழுந்து வந்தப்புறம் சாமி கேட்டிருக்காரு, ‘தினமும் பூசைக்கு வந்து வாசகத்தைக் கேக்கிறவங்க யாரு?’ன்னு. எல்லாருக்கும் தெரிஞ்ச பதில்தான், சலேத்தம்மா. கோவிலைக் கூட்டித் துடைக்கிறவங்க. பீடத்துணி துவைக்கிறது, பூ மாத்துறது, மெழுகு சுரண்டுறது எல்லாம் அவங்கதான். அம்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. பகல்ல வெங்காயப் பேட்டையில சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் அறிவொளி வகுப்புல போய் எழுத்துக் கத்துக்கிட்டவங்க. ‘சலேத்தம்மா வாசிக்கட்டும்’னு சாமி சொல்ல, அவங்க ‘எனக்கு வேகமா வராதே சாமி’ன்னிருக்காங்க. ‘மெதுவா வாசிங்க’ன்னுட்டாரு. முடிஞ்சுபோச்சு.

முதல் ஞாயிறு நான் கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்தேன். தாழ்ச்சிக்காகன்னு எல்லாரும் நினைச்சாங்க. கையில வாசகத்தோட ஜெராக்ஸும் ஒரு பேனாவும் வச்சிருந்தேன், முன்னாடி உட்கார்ந்தா தெரிஞ்சுடும்ல, அதான். சலேத்தம்மா ஏறி, விரலை வச்சு ஒவ்வொரு சொல்லாத் தள்ளித் தள்ளி வாசிச்சாங்க. பதினேழு தப்பு. குறிச்சு வச்சுக்கிட்டேன். ராத்திரி வீட்டுல உட்கார்ந்து அழகா ஒரு நோட்டுல எழுதினேன், எந்த வரி, என்ன சொல், எங்க நிறுத்தியிருக்கணும், எல்லாம். மறுநாள் சாமிகிட்டக் கொடுத்தேன். ‘குறை சொல்லலை சாமி, ஒரு அக்கறைதான்’னேன்.

அந்த மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா? ‘இவ்வளவு கவனமா வாசகத்தைக் கேட்டவர் நம்ம பங்குலயே நீங்க ஒருத்தர்தான் ஐயா’ன்னு சொல்லி, நோட்டைக் கொண்டுபோய் அவங்ககிட்டயே கொடுத்துட்டாரு. அந்தம்மா என்னைத் தேடி வந்து, ‘ஐயா, எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கீங்களே’ன்னு கும்பிட்டாங்க. அப்புறம் வாரா வாரம் வாசகத்தோட ஜெராக்ஸை முன்கூட்டியே வாங்கிட்டுப் போய், வெங்காயப் பேட்டையில தூண்ல ஒட்டி வச்சுக்கிட்டு, வேலை பார்க்கிறப்ப சொல்லிச் சொல்லிப் பார்ப்பாங்களாம். நானும் வாரா வாரம் தப்பு எழுதிக்கிட்டே இருந்தேன். பதினேழு பதினொண்ணாச்சு, ஆறாச்சு, செப்டம்பர்ல ரெண்டாச்சு. நான் அவங்களைக் கவிழ்க்கணும்னு உட்கார்ந்து எழுதினா, அவங்க அதுலயே ஏறி வந்துட்டாங்க சார். என் வயித்தெரிச்சலை இவ்வளவு பிரயோஜனமா வேற யாரும் பயன்படுத்திக்கிட்டது கிடையாது.

வடமதுரை தாண்டியாச்சா? ஆமா. தண்ணி குடிக்கிறீங்களா? சரி.

போன சனிக்கிழமை சாயந்திரம். செபமாலைக்குப் போயிருந்தேன். முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க. சலேத்தம்மா வாளியில தண்ணி பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாங்க. மேடையில வாசகப் புத்தகம் இருக்கு. பெரிய சிவப்புப் புத்தகம், தலகாணி மாதிரி இருக்கும். வருஷம் பூராவுக்குமான வாசகம் அதுக்குள்ள. எந்த ஞாயிறுக்கு எந்தப் பக்கம்னு அவ்வளவு லேசுல கண்டுபிடிக்க முடியாது, அதுக்காக ரிப்பன் தொங்கும். சாமியாரு வெள்ளிக்கிழமையே ரிப்பனைப் போட்டு வச்சிடுவாரு. வாசிக்கிறவங்க போய் ரிப்பன் இருக்கிற இடத்தைத் திறந்து வாசிக்க வேண்டியதுதான். நான் சும்மாதான் ஏறினேன். தொட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சு, சத்தியமா. இருபத்திரண்டு வருஷம் தொட்ட புத்தகம். தொட்டேன். திறந்தேன். ரிப்பனை எடுத்துப் பத்துப் பக்கம் தள்ளி வச்சேன். மூடிட்டு இறங்கி வந்துட்டேன். எதிர்ல வாளியோட வந்தவங்க, ‘ஐயா, ஈரம், பார்த்துப் போங்க’ன்னாங்க. பார்த்துத்தான் போனேன்.

ஞாயித்துக்கிழமை. சலேத்தம்மா மேடை ஏறுனாங்க. ரிப்பனைப் பிடிச்சுத் திறந்தாங்க. பார்த்தாங்க. விரல் போச்சு, நின்னுச்சு. ஒரு பக்கம் புரட்டினாங்க. இன்னொரு பக்கம். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கிறீங்களா? சந்தோஷமா இருந்துச்சு சார். மறைக்காமச் சொல்றேன், நல்லா இருந்துச்சு.

அப்புறம் அவங்க புரட்டுறதை நிறுத்திட்டாங்க. பக்கத்து மேல கையை வச்சுக்கிட்டு, தலையை நிமிர்த்தி சனத்தைப் பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு வாசகம் ஆமோஸ் இறைவாக்கினருடையது. தந்தக் கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டு, கொழுத்த ஆட்டைத் தின்னுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு, அடுத்தவன் படுற பாட்டைப் பத்திக் கவலையே இல்லாமச் சொகுசா இருக்கிறவங்களுக்குக் கேடுன்னு திட்டுற வாசகம். முழுசும் மனப்பாடம் சார். நான் கையில ஜெராக்ஸை வச்சு வரி வரியாப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒரு சொல் பிசகலை. விரல் வைக்காம அவங்க சொன்னது அன்னிக்குத்தான். யாரோ நம்ம வீட்டு வாசல்ல நின்னு நம்மகிட்டயே சொல்ற மாதிரி இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷத்துல நான் அப்படி ஒரு நாள் வாசிச்சிருக்கேனான்னா, இல்லை. நான் வாசிச்சா என் குரலைத்தான் கேட்டிருப்பாங்க. அன்னிக்கு ஆமோஸைக் கேட்டாங்க.

அதோட முடிஞ்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரெண்டாம் வாசகத்துக்கு பேங்க்ல வேலை பார்க்கிற ஒரு பொண்ணு ஏறுச்சு. அதுக்கு மனப்பாடம் ஏது? மைக்ல சரசரன்னு பக்கத்தைப் புரட்டுது, ‘சாரி’ங்குது, மறுபடியும் புரட்டுது. கடைசியில சாமியாரே எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாரு. பூசை முடிஞ்சதும் கேட்டிருக்காரு, ‘ரிப்பனை யார் மாத்துனது?’ன்னு. நான் வெளியில செருப்பைத் தேடுற மாதிரி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

சலேத்தம்மா சொன்னாங்க: ‘நானாத்தான் இருக்கும் சாமி. நேத்து சாயந்திரம் புத்தகத்தைத் தூக்கித் தூசி தட்டுனேன். அப்ப நழுவியிருக்கும். கூட்டுறதும் வாசிக்கிறதும் ரெண்டும் ஒரே ஆளுக்குச் சரியா வராது சாமி. கூட்டுறதை நான் பார்த்துக்கிறேன், வாசகம் ஐயாவே வாசிக்கட்டும்.’

அவ்வளவுதான் சார் ராஜினாமா. ஒரு ஜெராக்ஸ் இல்லை, ஒரு வசனம் இல்லை. நம்ம சாமிதான் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கிற ஆளாச்சே, சரின்னுட்டாரு. அங்கயே என்னைக் கூப்பிட்டாரு. ‘ஐயா, உங்க தாழ்ச்சிக்கு இது ஒரு சோதனைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்களுக்காக ஏத்துக்கங்க. அடுத்த ஞாயிறுல இருந்து நீங்க வாசிங்க’ன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ‘உங்க விருப்பம் அதுதான்னா...’ன்னேன். வாய் பழகிப்போச்சு, தானா வருது.

வர்ற ஞாயிறுக்கு சாமியார் வாசிக்க வேண்டிய பகுதி எது தெரியுமா? அந்த வேலைக்காரன் கதைதான். நான் ஒண்ணும் கோத்து வைக்கலை, அட்டவணையில அப்படி வருது. பாவத்தோட மேடை ஏறக்கூடாதுல்ல? அதுக்குத்தான் திருச்சி. எப்படிச் சொல்றதுன்னு கூட ஒத்திகை பார்த்து வச்சிருக்கேன். ‘காலைச் செபம் அஞ்சு தடவை விட்டுட்டேன். ஒரு புத்தகத்துல ரிப்பனை இடம் மாத்தி வச்சேன். மனைவிகிட்டக் கோவப்பட்டேன்.’ நடுவுல வச்சிட்டோம்னா சாமியார் கவனிக்க மாட்டாரு. இதெல்லாம் எங்க ஆளுங்களுக்குச் சின்ன வயசுலயே வந்துரும் சார், பெரிசை நடுவுல வைக்கிறது. ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொல்லுவாரு. சொன்னா பாவமும் போச்சு, மைக்கும் வந்துச்சு.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீங்க?

அந்தம்மாகிட்டச் சொன்னேனான்னா? அவங்ககிட்ட எதுக்கு? இது எனக்கும் கடவுளுக்கும் உள்ளது. அவங்களுக்கு அதுல வருத்தமே இல்லை சார், நிம்மதியாத்தான் இருக்காங்க. அவங்களுக்கும் வேலைப் பளு குறைஞ்ச மாதிரி. எப்படித் தெரியும்னா... திங்கக்கிழமை வீட்டுக்கு வந்தாங்க. சும்மாதான் வந்தாங்க.

சும்மா இல்லை.

சரி, கேட்டுட்டீங்க. சாயந்திரம் வேலை முடிஞ்சு நேரா வந்திருந்தாங்க. கையெல்லாம் வெங்காய வாசம். ஒரு பையில உரிச்ச சின்ன வெங்காயம், அரை கிலோ இருக்கும். எமல்டாகிட்டக் கொடுத்தாங்க. பேட்டையில அவங்க தரம் பிரிக்கிறதுதான் வேலை, உரிக்கிறது இல்லை. எங்களுக்காக உட்கார்ந்து உரிச்சுக் கொண்டுவந்திருக்காங்க. என்கிட்ட வந்து நின்னாங்க. ‘ஐயா, இருபத்திரண்டு வருஷமா நீங்க ஒழுங்கா வச்சிருந்த இடம். நான் நின்னு கெடுத்துப்புட்டேன். சாமிகிட்டச் சொல்லிட்டேன், உங்ககிட்டச் சொல்லாம எனக்குத் தூக்கம் வரலை. மனசுல வச்சுக்காதீங்க, என்னை மன்னிச்சிருங்க’ன்னாங்க.

நான் மன்னிச்சேன் சார்.

ஆமா. நான் அவங்களை மன்னிச்சேன். அதுவும் சும்மா இல்லை, நல்ல கம்பீரமா, மைக் இல்லாத மைக் குரல்ல. ‘பரவாயில்லம்மா. மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். இனிமே கவனமா இருங்க’ன்னேன். கவனமா இருங்கன்னு சொன்னேன் சார். அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘இப்பதான் ஐயா நிம்மதியா இருக்கு’ன்னு கிளம்பிப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி அந்த வெங்காயத்துல எமல்டா சாம்பார் வச்சா. நான் ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அவ சாப்பிடலை. பாத்திரம் கழுவுறப்ப ஒரே ஒரு வார்த்தை கேட்டா: ‘அந்தப் பொம்பளை தூசி தட்டுறது இன்னிக்கு நேத்தா? எத்தனை வருஷமாத் தட்டுது? ஒரு நாளாவது ரிப்பன் நழுவியிருக்கா?’ அதுக்கப்புறம் என்கிட்டப் பேசலை. இன்னிக்கு வியாழன்.

பாருங்க, இந்தத் திங்கக்கிழமைச் சமாச்சாரத்தை என் ஒத்திகையில நான் சேர்க்கவே இல்லை. ரிப்பனைத்தான் பாவம்னு வச்சிருந்தேன். ரிப்பன் என்ன சார், பத்துப் பக்கம். யாரும் திருப்பி எடுத்து வைக்கலாம். மன்னிச்சது? அதை எந்த ஊர்ச் சாமியார் காதுல நடுவுல வச்சுச் சொல்லுவேன்? என்னைத் தெரியாத ஆள்கிட்டப் போய், அவங்களைத் தெரியாத ஆள்கிட்டப் போய், ‘இப்படி ஆச்சு’ன்னு சொல்லிப் பத்து மந்திரம் சொல்லிட்டு வந்தா, அவங்க இன்னும் என்கிட்டப் பட்ட கடனை நினைச்சுக்கிட்டுத்தானே கோவில் தரையைத் துடைப்பாங்க?

இது என்ன ஊரு, வையம்பட்டியா? எதிர்ப் பக்கம் இப்ப ஒரு திண்டுக்கல் வண்டி வரும்.

இல்ல சார், டிக்கெட் போனாப் போகுது. நீங்க கல்யாணத்துக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை யாரு வாசிப்பான்னு கேக்காதீங்க, அது எனக்குத் தெரியாது. கிளமெண்ட் சாமிகிட்டயும் சொல்லணும். ‘நான் ஒரு அயோக்கியன் சாமி’ன்னு சொன்னா, ‘சேச்சே, நீங்களா?’ன்னு சொல்லுற ஆளு இல்லை அவரு. ‘சரி’ம்பாரு. அதுக்கு முன்னாடி பேட்டைக்குப் பின்னாடி அவங்க வீட்டுக்குப் போகணும். போனா என்ன ஆகும்னு சொல்றேன். ‘ஐயா வந்திருக்காங்க’ன்னு பதறிக்கிட்டு, இருக்கிற ஒரே நாற்காலியை முந்தானையால துடைச்சுப் போடுவாங்க. அதுல நான் உட்கார்ந்துடக்கூடாது சார். உட்கார்ந்தா நான் சொல்ல மாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். ஏதாவது ரெண்டு புத்திமதி சொல்லி, காபியைக் குடிச்சுட்டு வந்துருவேன். நின்னுக்கிட்டே சொல்லணும்.

அட, இப்பவும் பாருங்க, இந்த மனசை. நான் சொன்னதும் அவங்க, ‘ஐயா, இதை வந்து சொல்றதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்’னு சொல்லுவாங்கள்லன்னு உள்ள ஓடுது. கொஞ்சம் காலை ஒதுக்குங்க சார், இறங்கிடறேன். மணப்பாறை வரைக்கும் வந்தேன்னா இதையும் பேசியே தீர்த்துருவேன்.